கையோடு செல்லும் நிரல்மொழி

தச்சன் ஒருவன் பிறர் வீட்டிற்கு வேலைக்குச் செல்லுங்கால், மரம் அவ்வீட்டாருடையதாயினும், உளியையும் இழைப்புளியையும் தன்னுடையனவாகவே கொண்டு செல்வான். கைக்குப் பழகிய கருவி அவனோடு செல்லுதலால், எவ்வீட்டில் அமர்ந்தாலும் அவன் தொழில் தடைப்படுவதில்லை. மாலையில் வேலை முடிந்ததும் அவற்றைத் துடைத்துப் பையிலிட்டுக்கொண்டு மீள்வான். கணினி கற்கும் மாணவர் பலருடைய நிலையோ இதற்கு மாறாக உள்ளது. கணினி கல்லூரியுடையது, அதிலுள்ள கருவிகளும் கல்லூரியுடையன, அவர் எழுதிய நிரலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றது. ஆய்வுக்கூடத்தின் கதவு அடைபட்டால் கல்வியும் அடைபடுகின்றது. சொந்தக் கணினி வாங்க இயலாத மாணவரும் தச்சனைப்போலத் தம் கருவியைத் தாமே கொண்டு செல்லக்கூடுமோ? கூடும் என்பதையும், அஃது எங்ஙனம் என்பதையும், அதனாற் பெறும் பயன் யாதென்பதையும் ஒரு சிறு பாடமாக ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் பிழை

பாடத்திற்கு முன் என் பிழையொன்றைக் கூறிவிடுதல் முறை. 2009ஆம் ஆண்டில், தனி ஊசலின் இயக்கத்தை மாணவர்க்குக் காட்டுதற்பொருட்டு, அக்காலத்துப் பெருவழக்காயிருந்த பிளாஷ் என்னும் முறையில் அசையும் படம் ஒன்றைச் செய்தேன். பிளாஷ் 1996ஆம் ஆண்டில் பியூச்சர் ஸ்பிளாஷ் என்னும் பெயரோடு தோன்றி, மாக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்து, 2005ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்தது. இணையத்தில் விளையாட்டுகளும் பாடப்படங்களும் அதனாலேயே இயங்கிய காலம் அது. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதன் முடிவு முன்னறிவிக்கப்பெற்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவு நின்றது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் முதல் அவ்வியக்கியே படங்களை ஓட்ட மறுத்தது. மூன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும் யான் ஒன்றுஞ் செய்யாதிருந்துவிட்டேன். அவ்வாண்டு வகுப்பிற்காகப் படத்தைத் திறந்தபோது வெறுஞ் சதுரமே காணப்பட்டது.

பின்னர், ரபிள் என்னும் இலவச மென்பொருள் பழைய பிளாஷ் படங்களுக்கு உயிரூட்டுகின்றதென அறிந்து, அதனைக்கொண்டு என் ஊசலை மீண்டும் ஆட்டிக் காட்டினேன். அப்போது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, ஊசல் ஓரத்திற்குச் செல்லச்செல்ல வேகங் குறைந்து, சற்றே நின்றல்லவோ திரும்பும்? இப்படத்தில் சுவரில் மோதிய பந்துபோலச் சடக்கென்று திரும்புகின்றதே?” என்றாள். அவள் கூறியது முற்றும் உண்மை. பன்னிரண்டு ஆண்டுகளாக யான் ஒரு பொய்யைக் காட்டிவந்திருந்தேன். அதனைத் திருத்த விரும்பியும் இயலவில்லை. ஏனெனில், என்னிடம் எஞ்சியிருந்தது ஓட்டுதற்குரிய முடிவுக் கோப்பு மட்டுமே. அதனை ஆக்கிய மூலக்கோப்பு பழைய கணினியொன்றில் இருந்து, அக்கணினி கழிக்கப்பட்ட நாளில் அதனோடு ஒழிந்தது. படம் இழந்ததனினும், பிழையைத் திருத்தும் உரிமையை இழந்தேனே என்பதுதான் எனக்குப் பெருவருத்தமாயிற்று. மூலத்தை எளிய எழுத்து வடிவில் வைத்துக்கொண்டு, அதனை இயக்குங் கருவியையும் கையோடு கொண்டிருப்பின் இந்நிலை நேராது. இதுவே யான் கற்ற பாடம்.

நிரல்மொழியின் இயல்பு

நிரல் எழுதும் மொழிகளுள் சில, எழுதியதனை முழுவதும் இயந்திரக் குறியாக மாற்றி வைத்த பின்னரே இயங்குவன. ஸ்கிரிப்டு மொழிகள் எனப்படுவனவோ, எழுதிய எழுத்துக்கோப்பையே ஒரு மொழிபெயர்ப்பான் படித்து உடனுக்குடன் நிறைவேற்றுமாறு அமைந்தவை. இவ்வகையில் பைத்தான் எளிமையால் சிறந்தது. நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கைடோ வான் ராசம் என்பார் 1989ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் தொடங்கி, 1991ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதன்முதலாக வெளியிட்டார். அதன் பெயர் மலைப்பாம்பைக் குறித்து எழுந்ததன்று. ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவொன்றின் பெயரினின்று எடுக்கப்பட்டது.

இம்மொழியில் எழுதப்படும் நிரல் வெறும் எழுத்தேயாகும். எந்தக் கணினியிலும் எளிய எழுத்துப்பதிப்பான் ஒன்றால் அதனைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், தாளில் எழுதிவைத்துக்கொள்ளவும் செய்யலாம். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதலாக, நிரலில் வரும் அளவுகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் இடமுண்டு. நீளம், காலம், கோணம் என்று எழுதினால் பைத்தான் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலமாகவே நிற்கும்.

கருவிப்பை

2000ஆம் ஆண்டில் பென்டிரைவ் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் விற்ற பென்டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட்டேயாயினும், 1.44 மெகாபைட்டு கொண்ட நெகிழ்வட்டை நோக்க அஃது ஐந்து மடங்கினும் மிகுதி. இன்று கடையிற் கிடைப்பவற்றுள் சிறியதும் நம் தேவைக்கு மிகையே.

விண்டோஸ் கணினிகளுக்கெனப் பைத்தான் அமைப்பினர் 2015ஆம் ஆண்டின் 3.5ஆம் பதிப்பு முதல், நிறுவ வேண்டாத சுருக்கக் கட்டு ஒன்றையும் வெளியிட்டு வருகின்றனர். சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 10 மெகாபைட்டு அளவினதாகிய அதனைப் பிரித்துப் பென்டிரைவில் ஒரு கோப்புறையில் இட்டாற் போதும். கணினியின் பதிவேட்டில் அஃது ஒன்றும் எழுதாது. நிறுவும் உரிமையையும் வேண்டாது. அக்கணினியில் வேறொரு பைத்தான் இருப்பினும் அதன் அமைப்புகளோடு கலவாமல் தனித்தே நிற்கும். கருவி, நிரல், படம் என மூன்று கோப்புறைகள் அமைத்து, முதலாவதில் பைத்தானையும், இரண்டாவதில் நாம் எழுதும் நிரல்களையும், மூன்றாவதில் அவை தரும் படங்களையும் வைத்தல் நன்று. நிரற்கோப்பைச் சுட்டியால் இழுத்துப் பைத்தானின் இயங்குகோப்பின்மேல் விட்டால் நிரல் ஓடும். இதனினும் எளிய முறை வேண்டுவதில்லை.

ஆயினும், இடம்விட்டு இடம் பெயரும் கருவிக்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றை அறியாதார் முதல்நாளிலேயே சோர்வடைவர்.

முதலாவது: ஒரு கணினியில் ‘ஈ’ என்னும் எழுத்தைப் பெறும் பென்டிரைவ் மற்றொன்றில் ‘எப்’ என்னும் எழுத்தைப் பெறலாம். ஆதலின், கோப்பின் முழுமுகவரியை நிரலினுள் எழுதிவைத்தல் தவறு. பைத்தான் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் சொந்த இருப்பிடத்தை ஒரு சிறப்புப் பெயரால் அறிவிக்கின்றது. ‘பைல்’ என்னும் சொல்லின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டது அப்பெயர். அவ்விடத்தினின்று அளந்து பிற கோப்புகளைத் தேடினால் எங்குச் சென்றாலும் வழி தவறாது.

இரண்டாவது: தமிழெழுத்துக்களைக் கோப்பில் எழுதுங்கால், யூடிஎப்-8 என்னும் குறிமுறையை வெளிப்படையாகக் கூறவேண்டும். கூறாவிடின், சில கணினிகளில் நன்றாய் ஓடிய நிரல் வேறு சிலவற்றில் பிழைகாட்டி நிற்கும்.

மூன்றாவது: பைத்தான் 3.9ஆம் பதிப்பு முதலாக விண்டோஸ் 7இல் இயங்காது. 64 பிட்டுக்குரிய கட்டு, 32 பிட்டு விண்டோஸ் உள்ள கணினியில் ஓடாது. செல்லுமிடத்திலுள்ள கணினிகளின் வயதை அறிந்து கட்டினைத் தெரிந்துகொள்க. லினக்ஸ் கணினியாயின் இக்கட்டு உதவாதெனினும், அங்குப் பெரும்பாலும் பைத்தான் முன்னரே இருக்கும். நம் நிரற்கோப்பு அதனில் மாறுதலின்றி ஓடும்.

நான்காவது: நிரலை இரண்டு கோப்புகளாகப் பிரித்து ஒன்றினின்று மற்றொன்றை அழைக்க விரும்புவோர், இச்சுருக்கக் கட்டு நிரலின் கோப்புறையைத் தானாகத் தேடாதென்பதை நினைவிற்கொள்க. கட்டினுள் உள்ள பாதைக்கோப்பில் அக்கோப்புறைக்கு ஒரு வரி சேர்த்துவிட்டால் அக்குறை நீங்கும்.

கட்டுப்பாடு

கருவி நம்முடையதாயினும், கணினி பிறருடையது. நிறுவும் உரிமை வேண்டாதென்பதனால் அனுமதியும் வேண்டாதென்று கொள்ளுதல் முறையன்று. பென்டிரைவுகள் வாயிலாகத் தீநிரல்கள் பரவிய வரலாறு சிறிதன்று. 2008ஆம் ஆண்டில் தோன்றிய கான்பிக்கரும், 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டும் அவ்வழியாகவும் பரவியவையே. 2011ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம், பென்டிரைவைச் செருகியவுடன் நிரல் தானே ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் நிறுத்தியது இதனாலேயே. ஆகவே, ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் காட்டி, நச்சுச் சோதனை செய்து, இசைவு பெற்ற பின்னரே பயன்படுத்துக. அவர் மறுப்பாராயின் வாதாடற்க.

மேலும், பென்டிரைவின் நினைவகம் எழுதியெழுதித் தேய்வது. வெளியேற்றும் கட்டளை தராமற் பிடுங்கினாற் கோப்புச் சிதைவது. கால்சட்டைப் பையினின்று எளிதில் தொலைவதும் அதுவே. கருவி தொலைந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். நாம் எழுதியது தொலைந்தால் யாரிடம் பெறுவது? ஆதலின் நிரல் கோப்புறைக்கு வேறோரிடத்தில் ஒரு படி எப்போதும் இருத்தல் வேண்டும்.

படம் வரைவது யார்?

பைத்தான் கற்பிக்கும் நூல்கள் பல, ஆமைப்படம் வரைதலோடு தொடங்குகின்றன. நம் சுருக்கக் கட்டில் அதனை முயன்றால் பிழையே கிட்டும். ஏனெனில் திரையிற் சாளரந் திறந்து வரையும் பகுதி அதில் இல்லை. அப்பகுதி முதலாயின அனைத்தும் வேண்டுவோர் வின்பைத்தான் என்னும் பெரிய கட்டினைக் கொள்ளலாம். ஆயினும் வேறொரு வழி உண்டு. படம் வரையவல்ல கருவியொன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் முன்னமே இருக்கின்றது. அதுவே இணைய உலாவி.

எஸ்.வி.ஜி. என்பது, கோடு, வட்டம் முதலியவற்றை எழுத்தாலேயே விவரிக்கும் படமுறை. இணையத்தின் பொதுவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் இதனை ஏற்று வெளியிட்டது. படம் அசைவதற்குரிய குறிகளும் அதனுள்ளேயே அடங்கும். இக்கால உலாவிகள் இதனை வேறெத்துணைக் கருவியுமின்றிக் காட்டுகின்றன. இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை. எனவே பைத்தான் செய்யவேண்டுவது கணக்கிட்டு ஓர் எழுத்துக்கோப்பை எழுதுதல் மட்டுமே. அக்கோப்பை உலாவியிற் திறந்தால் படம் தானே ஆடும்.

ஊசலை ஆட்டுதல்

இனி என் பழைய ஊசலைத் திருத்துவோம். நீளம் 1 மீட்டராகவும், புவியீர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.8 மீட்டராகவும் கொள்க. நீளத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலங் கண்டு, இரண்டு பையினால் பெருக்க, ஓர் அலைவின் காலம் 2.007 நொடி எனக் கிடைக்கும். தொடக்கக் கோணம் 20 பாகை. எந்த நேரத்துக் கோணமும், 20ஐ அந்நேரத்திற்குரிய கொசைனால் பெருக்க வருவதே. ஓர் அலைவை எட்டுக் கூறாக்கினால் கோணங்கள் முறையே 20, 14.14, 0, −14.14, −20, −14.14, 0, 14.14, 20 என ஒன்பதாகும்.

இவ்வெண்களை உற்றுநோக்குக. முதற் கூறில் ஊசல் கடந்தது 5.86 பாகை, அதே அளவுடைய இரண்டாங் கூறிற் கடந்தது 14.14 பாகை. ஓரத்தில் மெதுவும் நடுவில் விரைவும் என்று மாணவி கூறியது இங்கே எண்ணாகவே நிற்கின்றது. யான் பழைய படத்தில் 20, −20 என்னும் இரு முனைகளை மட்டுங் கொடுத்து இடைவெளியை இயந்திரத்திடம் விட்டேன். அது சமவேகத்தால் நிரப்பியது. விதியை அறியாத இயந்திரத்திடம் விதியை ஒப்படைத்ததே பிழையின் வேர். உலாவியும் அடுத்தடுத்த எண்களுக்கிடையே சமவேகத்தாலேயே நிரப்பும். ஆதலின் எட்டுக் கூறுகளும் போதா. நாற்பது கூறாக்கி நாற்பத்தோர் எண்களைக் கொடுத்தால் முறிவு கண்ணுக்குத் தோன்றாது. நாற்பத்தோர் கொசைன்களைக் கையாற் கணக்கிடுதல் அயர்வு தரும். பைத்தானுக்கோ அது மூன்று வரி வேலை.

கோப்பை எழுதுங்கால் கவனிக்கத்தக்கவை மூன்று. படத்தின் தொடக்கக் குறியில் எஸ்.வி.ஜி.யின் பெயர்வெளி அறிவிப்பு இருத்தல் வேண்டும். இல்லையேல் உலாவி படத்தைக் காட்டாது, எழுதிய எழுத்தையே காட்டும். அடுத்து, திரையில் உயர அளவு மேலிருந்து கீழாக வளர்கின்றது. சுழற்சியில் நேர்க்கோணம் கடிகார முள்ளின் திசையது. ஆகவே +20 பாகையில் தொங்கும் குண்டு இடப்புறம் நிற்கக் கண்டு மயங்கற்க. மூன்றாவதாக, சுழற்சி எண் ஒவ்வொன்றோடும் சுழல்மையத்தின் இடத்தையும் எழுதவேண்டும். மறந்தால், ஊசல் தான் தொங்கும் ஆணியை விட்டுப் படத்தின் மேல் இடமூலையைச் சுற்றி ஆடும்.

இப்படம் ஆடியபின், நீளத்தை 25 சென்டிமீட்டராக மாற்றி இரண்டாவது ஊசலொன்றை அருகில் அமைத்திடுக. அதன் அலைவுகாலம் 1.004 நொடி. நெடிய ஊசல் ஒருமுறை அலைய, குறியது இருமுறை அலைதலைக் கண்ணாற் காணலாம். நீளம் நான்கிலொன்றாயின் காலம் பாதியாகும் என்னும் விதி இங்ஙனம் காட்சியாகின்றது. மற்றொன்றும் கூறவேண்டும். மேற்கண்ட விதி சிறுகோணத்திற்கே பொருந்துவது. 20 பாகையில் உண்மைக் காலம் ஏறக்குறைய முக்கால் சதவீதம் மிகும். இக்குறையைத் திருத்த விரும்பும் மாணவர் நிரலில் ஒரு வரியை மாற்றினாற் போதும். பழைய படத்தில் எனக்கு இல்லாதொழிந்த உரிமை இதுவேயாம்.

ஒரு தடை

“பிளாஷ் மறைந்ததுபோலப் பைத்தானும் ஒருநாள் மறையாதோ?” என வினவுவார் இருக்கலாம். நியாயமான வினாவே. பைத்தானின் இரண்டாம் பதிப்பிற்கு ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நின்றது; பழைய நிரல்கள் பல மூன்றாம் பதிப்பில் அப்படியே ஓடவில்லை. ஆயினும் அவை எழுத்தாக இருந்தமையால், வைத்திருந்தவர் வரிவரியாகப் படித்துத் திருத்திக்கொண்டனர். எக்கருவியும் நிலையானதன்று. கருவி மாறினும் கருத்து அழியாமல் நிற்பது, அதனை நாம் படிக்கத்தக்க வடிவில் வைத்திருந்தால்தான். ஊசலின் விதியும், அதனைக் கூறும் நிரலும் எழுத்தாக இருப்பின், நாளை வேறொரு மொழியில் அதனை மாற்றி எழுதுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலையே.

முடிவுரை

பிழை கண்ட அம்மாணவிக்குச் சொந்தக் கணினி இல்லை. ஒரு பென்டிரைவும், ஆய்வுக்கூடத்தில் அன்றன்று ஒழிந்திருந்த கணினியுமே அவளுக்கு இருந்தன. நான்கு மாலைகளில் நான்கு வெவ்வேறு கணினிகளில் அமர்ந்து, ஒரே நிரலைத் தொடர்ந்து எழுதி, இரண்டு ஊசல்களையும் ஆட்டிக் காட்டினாள். என் வகுப்பில் இப்போது காட்டப்பெறுவது அவள் செய்த படமே. அதன் மூலம் எளிய எழுத்தாக மூன்றிடங்களிற் காக்கப்பட்டுள்ளது. அடுத்த மாணவர் ஒருவர் அதில் ஒரு பிழை காண்பாராயின் அன்றே திருத்தவும் இயலும்.

மாணவ நண்பர்களே, கணினி இல்லையே என்று கல்வியை ஒத்திவையாதீர். கருவியைக் கையிற் கொள்ளுங்கள். எழுதியதற்குப் படியெடுத்து வையுங்கள். அசையும் படம் எதனைக் கண்டாலும், அஃது எவ்விதியின்படி அசைகின்றதென்று ஒருமுறை கேளுங்கள். பழைய மாணவர்களாகிய நண்பர்களும், தங்கள் அலமாரிகளில் உறங்கும் பழைய கோப்புகளை ஒருநாள் திறந்து பார்ப்பாராக. அவற்றுள் இன்னும் திறப்பவற்றை எழுத்தாக மாற்றி வைத்தற்கு இதுவே காலம்.

— பௌதிக ஆசிரியன் ஒருவன்